கண்ணாடி ஜாடியில் காளான் வித்து: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில், வேகவைத்த தானியத்தைக் கண்ணாடி ஜாடியில் நிரப்பி, கிருமி நீக்கி, அதில் சிப்பிக் காளானின் வெள்ளை நூல் போன்ற இழையைப் பரவவிட்டு, விதையாகப் பயன்படும் காளான் வித்தாக்கும் முறையைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அந்தச் சுருக்கம் போதவில்லை என்பதை வந்து குவிந்த கடிதங்கள் சொல்லிவிட்டன. பாதிக்கு மேற்பட்டவை "கெட்டுப்போய்விட்டது அம்மா" என்றே தொடங்குகின்றன. காளான் வித்து தயாரிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். கெட்ட ஜாடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே பிசகியது என்று கண்டுபிடிப்பதுதான் பல ஆண்டுகள் என் வேலை. அதனால், நடந்ததை மறைக்காமல் எழுதியவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். உங்கள் தோல்விகளிலிருந்துதான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

கேள்வி: வைக்கோல் இருக்கும்போது, நாம் உண்ணும் தானியத்தை எதற்காகப் பூஞ்சைக்குக் கொடுக்க வேண்டும்? ஜாடியிலேயே காளான் முளைத்துவிடாதா?

ஜாடியை நாற்றங்காலாக நினையுங்கள். வயல், அதாவது வைக்கோல், பிறகு வருகிறது.

ஒரு காலத்தில் மொட்டுக் காளான் வளர்த்தவர்கள், இழை ஓடிய குதிரைச் சாணக் கட்டிகளை உடைத்துத்தான் விதையாகத் தூவினார்கள். எந்தக் கட்டிக்குள் எந்தப் பூசணம் ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் சிண்டன், கிருமி நீக்கிய தானியத்தில் இழையை வளர்த்து அதையே விதையாக்கும் முறைக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் வித்துக் கூடங்களில் நடப்பது அடிப்படையில் அதே வேலைதான்.

ஆயிரம் கோதுமை மணிகள் ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். 250 கிராம் கோதுமை போட்ட ஒரு ஜாடியில் ஆறாயிரம் மணிகளுக்கு மேல் இருக்கின்றன. வெள்ளை இழை போர்த்திய ஒவ்வொரு மணியும், கட்டுச்சோற்றோடு புறப்படும் பயணியைப் போலத் தன் உணவைத் தானே சுமந்துகொண்டு வைக்கோலுக்குள் போகிறது. ஆறாயிரம் இடங்களில் ஒரே நேரத்தில் இழை பரவத் தொடங்கினால், மற்றப் பூசணங்களுக்கு இடம் கிடைப்பது அரிது. தானியத்தின் பெருமை அதுதான்.

ஜாடியிலேயே சில காளான்கள் முளைக்கலாம். ஆனால் விளைச்சல் சொற்பம். திறந்து வைத்த தானியம் எல்லாக் கிருமிகளுக்கும் விருந்து. நாற்றங்காலிலேயே கதிர் அறுக்க நினைக்காதீர்கள்.

கேள்வி: சோளத்தை நன்றாக வேகவைத்துத்தான் போட்டேன். குக்கரிலிருந்து எடுத்தபோது ஜாடி முழுவதும் களியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழை மேலேயே நின்றுவிட்டது.

"நன்றாக" என்ற சொல்தான் பிழை, சகோதரி. சாப்பிடுவதற்கு நன்றாக வெந்த தானியம், காளான் வித்துக்கு அளவுக்கு மீறி வெந்த தானியம். தோல் வெடித்ததும் உள்ளே இருக்கும் மாவு வெளியே கசியும். அது மணிகளை ஒட்டவைக்கும். மணிகளுக்கு இடையே காற்று போகும் வழியை அடைக்கும். பாக்டீரியாவுக்குக் கூழ் வார்த்தது போலாகிவிடும்.

இந்த ஒரு கட்டத்தை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தானியத்தைக் கழுவும்போது மிதக்கும் பதரையும் உடைந்த குருணையையும் நீக்கிவிடுங்கள். 12 மணி முதல் 24 மணி நேரம் வரை ஊறட்டும். ஊறலில் தானியம் மட்டும் நனைவதில்லை, உறங்கிக் கிடக்கும் பாக்டீரிய வித்துகளும் (ஸ்போர்கள்; நம் காளான் வித்து வேறு) விழித்துக்கொள்கின்றன. விழித்த பாக்டீரியா சூட்டில் எளிதாகச் சாகும். பிறகு புதுத் தண்ணீரில் மெல்லிய கொதியில் வேகவிடுங்கள். ஊறிய சோளத்துக்கு 20 நிமிடம் என்பது ஒரு தொடக்கக் கணக்கு. தானியத்தின் வயதும் அடுப்பும் அதை மாற்றும். கடிகாரத்தை நம்பாமல் பத்தாவது நிமிடத்திலிருந்தே ஒரு மணியை எடுத்து, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். மணி நசுங்க வேண்டும், கூழாகக் கூடாது. பிளந்து பார்த்தால் நடுவில் சுண்ணாம்பு போன்ற உலர்ந்த வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. பானையில் நூற்றுக்கு இரண்டு மூன்று மணிகள் வெடித்திருந்தால் பரவாயில்லை. பத்துப் பதினைந்து வெடிக்கத் தொடங்கினால் அடுப்பை உடனே அணையுங்கள்.

வடித்ததும் ஜாடியில் கொட்டிவிடாதீர்கள். சுத்தமான துணியில் மெல்லிய படலமாகப் பரப்பி, ஆவி அடங்கும்வரை அவ்வப்போது கையால் புரட்டுங்கள். ஒரு பிடியை அள்ளி உலர்ந்த காகிதத்தில் வைத்து எடுங்கள். காகிதத்தில் ஈரத் தடம் படிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. உள்ளே ஈரம், வெளியே உலர்வு. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடுக்கில் உருள வேண்டும். நான் பயிற்சி கொடுத்த பெண்களுக்கு முதல் வாரம் முழுவதும் இந்த ஒரு வேலையைத்தான் கொடுப்பேன். கைக்கு அந்தப் பதம் தெரிந்துவிட்டால் மற்றவை தானே வந்துவிடும்.

ஒரு கிலோ உலர் தானியக் கணக்குக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் கலந்துகொண்டால் மணிகள் ஒட்டாது, புளிப்பும் மட்டுப்படும். ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பிறகு குலுக்குவதற்கு அந்த இடம் வேண்டும்.

கேள்வி: எந்தத் தானியம் சிறந்தது?

வெடிக்காமல் ஈரம் பிடிக்கும் எந்த முழுத் தானியமும் ஆகும். சோளம், கோதுமை, கம்பு மூன்றும் நல்லவை. அரிசி சீக்கிரம் குழையும். புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. விதைக்காக விற்கும் தானியத்தில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். அதை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: குக்கர் இல்லாததால் ஜாடிகளைப் பெரிய பாத்திரத்தில் வைத்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். நான்காம் நாள் அழுகிய பழ வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பு. கொதிநீரில் சாகாத கிருமியும் உண்டா?

உண்டு. அதை அறிவியல் உலகம் கண்டுகொண்ட விதம் உங்களுக்கு ஆறுதலாகக்கூட இருக்கலாம்.

ஜான் டிண்டல் என்ற இயற்பியலாளர் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பலவகைச் சாறுகளை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து மூடி, அவை கெடாமல் இருப்பதைக் காட்டிவந்தார். 1876இன் பிற்பகுதியில் அதே சோதனைகள் தொடர்ந்து தோற்றன. பழைய வைக்கோல் கட்டு ஒன்றை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்திருந்தார்கள். அதன் தூசியில் இருந்த பாக்டீரியாக்கள் கொதிநீருக்கு அசைந்துகொடுக்கவில்லை. கூடத்தையே விட்டு, கியூ தாவரவியல் தோட்டத்தில் வேறொரு கட்டடத்துக்குப் போன பிறகுதான் சோதனைகள் மீண்டும் கைகூடின. ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன், வைக்கோல் பாக்டீரியாவுக்குள் உருவாகும் கெட்டித் தோல் கொண்ட வித்தை விவரித்தார். உங்கள் ஜாடியில் தப்பிப் பிழைத்ததும் அத்தகைய வித்துதான். தானியத்தின் மேல் அது இயல்பாகவே ஒட்டியிருக்கும்.

கொதிநீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. அந்த வித்தைக் கொல்ல 121 டிகிரி செல்சியஸ் நீராவி வேண்டும். அதற்குச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தேவை. அரை லிட்டர், ஒரு லிட்டர் ஜாடிகளுக்கு 90 நிமிடம் கொடுங்கள். சூடு கண்ணாடியைத் தாண்டி, தானியக் குவியலின் நடுவை எட்டச் சுணங்கும் என்பதால்தான் இவ்வளவு நேரம். அடுப்பைப் பற்றவைத்த கணத்திலிருந்து எண்ணாமல், அழுத்தம் முழுமையாக ஏறிய பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

வீட்டு பிரஷர் குக்கரில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது தண்ணீர். ஒன்றரை மணி நேரத்தில் குக்கர் வற்றி, அடி பிடித்து, ஆபத்தாகிவிடக்கூடும். முதலில் ஜாடி வைக்காமல் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, வெயிட் லேசாக அசையும் அளவுக்குத் தீயைக் குறைத்து, 30 நிமிடத்தில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். மும்மடங்கு கணக்கிட்டு, அதற்கு மேலும் தாராளமாக ஊற்றும் அளவுக்குக் குக்கரில் இடம் இருந்தால் மட்டும் ஜாடியை வையுங்கள். ஜாடி அடித்தட்டில் நேராகப் படக் கூடாது. ஒரு தட்டு அல்லது மடித்த துணி இடையே வேண்டும். மூடியைத் தளர்வாகத் திருகி, மேலே அலுமினியத் தாளைக் கவிழுங்கள். நேரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

குக்கர் இல்லாதவர்களுக்கு டிண்டல் 1877இல் சொன்ன வழி இன்றும் இருக்கிறது. இன்று ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, அறைச் சூட்டில் விட்டு, நாளை மறுபடியும், மறுநாள் மூன்றாம் முறையும் வேகவைக்க வேண்டும். ஒவ்வோர் இடைவெளியிலும் முளைக்கும் வித்துகள் அடுத்த வேகலில் சாகும். குக்கர் அளவுக்கு உறுதியானது அல்ல என்றாலும், நீங்கள் செய்ததைவிடப் பல மடங்கு மேல்.

கேள்வி: அடுப்பிலிருந்து இறக்கிய ஜாடி, மேடையில் வைத்தவுடன் விரிசல் விட்டது.

சூடான கண்ணாடி, குளிர்ந்த கல். வேறு காரணம் தேட வேண்டாம். குக்கருக்குள்ளேயே இரவு முழுவதும் ஆறவிடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆறும் ஜாடி மூச்சை உள்ளே இழுக்கிறது. வெளிக்காற்று மூடித் துளை வழியாகப் புகுகிறது. தூசி பறக்கும் அறையில் ஆறவைத்தால் தூசியும் சேர்ந்தே புகும்.

கேள்வி: மூடியில் துளை போட வேண்டுமா, இறுக்கி மூட வேண்டுமா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

துளை வேண்டும். இழையும் நம்மைப் போல ஆக்சிஜனை எடுத்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. இறுக்கி மூடிய ஜாடியில் பாதி வழியில் திணறி நின்றுவிடும். சுண்டுவிரல் நுனி அளவு துளையிட்டு, ஈரம் உறிஞ்சாத செயற்கைப் பஞ்சை இறுக்கமாக அடைத்துவிடுங்கள். காயத்துக்கு ஒட்டும் காகித பிளாஸ்திரியை இரண்டு அடுக்காக ஒட்டினாலும் போதும். பஞ்சு நனைந்தால் அதன் வழியே கிருமி ஊர்ந்து வரும். குக்கரில் வைக்கும்போது அலுமினியத் தாளைப் போர்த்தச் சொன்னது அதற்காகத்தான்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். சாப்பிட வாங்கிய சிப்பிக் காளானில் ஒரு துண்டை வெட்டி, கிருமி நீக்கிய ஜாடியில் போட்டேன். மூன்றே நாளில் பச்சை. காளானிலிருந்து காளான் வளர்க்க முடியாதா?

முடியும் தம்பி. உங்கள் யோசனை சரியானதே. நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள். காளானின் மேற்பரப்பில் எல்லாக் கிருமிகளும் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் காளானைக் கையால் இரண்டாகக் கிழித்து, காற்றே படாத உட்சதையிலிருந்து கடுகளவு எடுத்து, அகார் என்ற கெட்டியான ஊட்டக் கூழ் ஊற்றிய தட்டில் வைப்போம். அகாரில் எது நல்ல இழை, எது அழுக்கு என்று கண்ணுக்குத் தெரியும். நல்ல ஓரத்தை மட்டும் வெட்டி இன்னொரு தட்டுக்கு மாற்றி, தூய்மையானது என்று உறுதியான பிறகே தானியத்துக்குக் கொண்டுபோவோம். ஜாடிக்குள் அப்படிப் பிரிக்க வழி கிடையாது.

இப்போதைக்கு, நம்பகமான இடத்திலிருந்து தாய் வித்து ஒரு ஜாடி வாங்கித் தொடங்குங்கள். ஒரு ஜாடியிலிருந்து பத்து ஜாடிகளுக்கு மாற்றலாம். அந்தப் பத்திலிருந்து மறுபடியும், மறுபடியும் என்று போகக் கூடாது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் நிறுத்திவிட்டுப் புது வித்துக்குத் திரும்புங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு கலப்பும் ஒவ்வொரு மாற்றலிலும் பெருகும்.

மாற்றும் நேரத்தில் மின்விசிறி, ஜன்னல் எதுவும் வேண்டாம். பக்கவாட்டில் கைநுழையும் இரண்டு துளைகள் போட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஜாடிகளை வைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். மிதக்கும் தூசி கீழே இறங்கட்டும். கையுறையை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துக்கொள்ளுங்கள். 99 சதவீதம்தான் வலுவானது என்று பலர் எண்ணுகிறார்கள். அது கிருமியின் மேல் வேலை செய்யும் முன்பே ஆவியாகிவிடும். நீர் கலந்தது தங்கி நின்று கொல்லும். உள்ளே கைகளை மெதுவாக அசையுங்கள், மூடிகள் திறந்திருக்கும் நேரம் சில நொடிகளைத் தாண்டக் கூடாது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆல்கஹால் தெளித்த பெட்டிக்குள் விளக்கையோ மெழுகுவத்தியையோ கொண்டுபோகாதீர்கள். என்னோடு வேலை பார்த்த பெண்ணின் ஈரக் கையுறையில் நீலத் தீ ஓடியதைப் பார்த்தவள் நான். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் முதலில் கண்ணுக்கே தெரியவில்லை. அவள் அலறிய பிறகுதான் ஓடினோம். தானியத்திலிருந்து தானியத்துக்கு மாற்ற நெருப்பே தேவையில்லை.

கேள்வி: ஜாடியில் பல நிறங்கள் வருகின்றன. எது நல்லது, எது கெட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் நல்லதைப் பழகிக்கொள்ளுங்கள். சிப்பிக் காளான் இழை தூய வெள்ளை. மணியைச் சுற்றி மெல்லிய பஞ்சாகத் தொடங்கி, கண்ணாடியோரம் கயிறு பிரித்ததுபோல விரல் விரலாக முன்னேறும். மூடியருகே முகர்ந்தால் புதுக் காளானின் வாசனை வரும். முதிர்ந்த ஜாடியில் மஞ்சள் நிறத் துளிகள் ஓரிரண்டு தெரியலாம். அது இழை வெளிவிடும் நீர். கொஞ்சமாக இருந்தால் பயமில்லை. ஜாடியடியில் குட்டையாகத் தேங்கினால், இழை எதனுடனோ போராடுகிறது என்று பொருள்.

பச்சை என்றால் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா. இது மற்றப் பூஞ்சைகளையே தின்னும் பூஞ்சை. பச்சை ஆவதற்கு முன் இரண்டு மூன்று நாள் இதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். நேற்றுவரை நிதானமாக நடந்த வெள்ளை ஒரே இரவில் ஒரு மூலையை அப்பியிருந்தால், அந்த ஜாடியைத் தனியே வைத்துக் கண்காணியுங்கள்.

மணிகள் ஈரமாக, எண்ணெய் பூசியதுபோல் மின்னி, கண்ணாடியில் வழுவழுப்பான படலம் தெரிந்தால் பாக்டீரியா. இழை அந்த இடத்தை வந்து தொட்டு, விளிம்பிலேயே நின்றுவிடும். அங்கே புளித்த நாற்றம் அடிக்கும்.

எல்லாவற்றிலும் நான் அஞ்சுவது ஆரஞ்சு நிறத்துக்குத்தான். நியூரோஸ்போரா என்ற பூசணம் இது. ஒரு நாளில் ஜாடி முழுவதும் ஓடி, பஞ்சுத் துளை வழியாக வெளியே வந்து, ஆரஞ்சுத் தூளாகக் காற்றில் கலக்கும். 1843இல் பாரிஸ் நகர ரொட்டிகளில் பரவி, அதை ஆராய ஒரு குழுவே அமைக்கும்படி செய்தது இதுதான். பின்னாளில் இதே பூசணத்தை வைத்துத்தான் அமெரிக்க அறிவியலாளர்கள் பீடிலும் டேட்டமும் மரபணுவுக்கும் நொதிக்கும் உள்ள தொடர்பைக் காட்டி, 1958இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அறிவியலுக்கு அது செய்த தொண்டை மதிக்கிறேன். ஆனாலும் வித்து வைத்திருக்கும் அறையில் அதற்கு இடமில்லை. ஆரஞ்சைக் கண்டால் ஜாடியைத் திறக்காதீர்கள், குலுக்காதீர்கள். ஈரத்துணியால் மூடியைச் சுற்றி, அப்படியே குக்கரில் வைத்துக் கிருமி நீக்கிய பிறகே கொட்டுங்கள். பச்சை ஜாடிக்கும் இதே முறைதான்.

கேள்வி: ஓரத்தில் மட்டும் பச்சை. அதைக் கரண்டியால் எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா? தூக்கிப்போட மனம் வரவில்லை.

கூடாது. நிறம் தெரியும் இடத்தில் அது வித்து விட்டு முடித்திருக்கிறது. நிறமில்லாத இழைகள் முன்பே உள்ளே ஓடியிருக்கும். கரண்டி போட்ட கணத்தில் கோடிக்கணக்கான வித்துகள் உங்கள் அறையில் பறக்கும். உங்கள் மனவருத்தம் எனக்குத் தெரிகிறது. அந்த ஒரு ஜாடியைக் காப்பாற்ற முயன்றால் மீதி ஒன்பதையும் இழப்பீர்கள்.

கேள்வி: குலுக்கச் சொன்னீர்கள். குலுக்கியதும் வெள்ளை முழுவதும் மறைந்துவிட்டது. என் பத்து நாள் உழைப்பு போய்விட்டதா?

எங்கும் போகவில்லை. மூன்றில் ஒரு பங்கு பரவியதும் குலுக்கினால், இழை துண்டு துண்டாகி எல்லா மணிகளோடும் கலக்கிறது. அடுத்த நாள் பார்க்கச் சாம்பல் பூத்த தானியமாகத்தான் தெரியும். இரண்டாம் நாள் ஒவ்வொரு மணியிலும் ரோமம் போல வெள்ளை எழும். அதுவரை 24 முதல் 27 டிகிரி வரையான சூட்டில் தொடாமல் வையுங்கள். குலுக்குவதற்கு ஜாடியை உள்ளங்கையில் மோதாதீர்கள். கண்ணாடி கண்ணாடிதான். மடித்த தடித்த துணியில் மெதுவாகத் தட்டி உதிர்த்தால் போதும்.

கேள்வி: ஜாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. இனி?

வாழ்த்துகள். இனி வயலுக்குப் போகலாம். வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, 65 முதல் 80 டிகிரி வெந்நீரில் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து வடியுங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்ட வேண்டும். பத்துக் கிலோ ஈர வைக்கோலுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வித்து சேர்த்து, துளையிட்ட பையில் அடுக்கடுக்காக இறுக்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பை வெளுக்கும்.

தானியத்துக்கு 121 டிகிரி கேட்டவள் வைக்கோலுக்கு 80 போதும் என்பது ஏன் என்று ஒரு வாசகி கூர்மையாகக் கேட்டிருந்தார். வைக்கோலைத் திறந்த வெளியில் கையாள்கிறோம். முற்றிலும் கிருமி நீக்கிய வைக்கோல் காவலில்லாத வீடு. முதலில் வருபவர் குடியேறிவிடுவார். மிதச் சூட்டில் தீங்கு செய்யும் பூசணங்கள் பெரும்பாலும் சாகும். சூடு தாங்கும் சில நல்ல பாக்டீரியாக்கள் பிழைத்து, இழை பரவும்வரை இடத்தைக் காத்து நிற்கும்.

கேள்வி: காளான் வந்தது. தண்டு மட்டும் நீண்டு, குடை பொத்தான் அளவில் நிற்கிறது.

காற்றில்லை. கார்பன் டை ஆக்சைடு கூடினால், மூச்சு தேடிக் கழுத்தை நீட்டுவதுபோலத் தண்டு நீளும். நாளைக்கு நான்கைந்து முறை அறையைத் திறந்து காற்றை மாற்றுங்கள். புத்தகம் படிக்கும் அளவுக்கு வெளிச்சமும் வேண்டும். அடுத்த கொத்தில் குடை விரியும்.

கேள்வி: என் வயது 68. படுக்கையறை மூலையில் பைகள் வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாக வறட்டு இருமல், மாலையில் லேசான காய்ச்சல். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா ஐயம் தீர்க்கவும்.

ஐயா, இதைப் படித்ததும் பைகளை அந்த அறையிலிருந்து வெளியேற்றச் சொல்லுங்கள்; நீங்கள் தூக்க வேண்டாம். இன்றே மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் காளான் வளர்ப்பதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். சிப்பிக் காளான் விரிந்தபின் வித்துத்தூளை ஏராளமாக உதிர்க்கும். பைக்கு அருகே வெள்ளை மாவு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வரும். காளான் கூடத் தொழிலாளர்களிடம் நன்கு அறியப்பட்ட நோய் இது. உங்கள் இருமலுக்குக் காரணம் இதுதானா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மற்றவர்களும் கேளுங்கள். தூங்கும் அறையில் காளான் வேண்டாம். குடையின் ஓரம் தட்டையாகி மேல்நோக்கி மடங்குவதற்கு முன்பே அறுத்துவிடுங்கள். அறுக்கும்போது முகக்கவசம் அணியுங்கள்.

கேள்வி: வைக்கோலைக் கொட்டிய செடித்தொட்டியில் வேறு விதமான காளான் முளைத்திருக்கிறது. அதுவும் நாம் வளர்த்ததுதானே, சமைக்கலாமா?

வேண்டாம். நீங்கள் வித்திட்டு, கண்முன்னே வளர்ந்த காளானைத் தவிர வேறெதையும் உண்ணாதீர்கள். மரணத்தொப்பி எனப்படும் அமானிட்டா ஃபலாய்ட்ஸின் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. உண்டு பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும்போது நஞ்சு கல்லீரலை எட்டியிருக்கும். பழஞ்சொற்கள் சொல்லும் வெள்ளிக்கரண்டிச் சோதனை, பூச்சி கடித்த காளான் நல்லது என்ற கணக்கு எல்லாம் பொய். அந்தப் பொய்களை நம்பி உயிர் போக வேண்டாம்.

சிப்பிக் காளானையும் பச்சையாக உண்ணக் கூடாது. இரத்தச் செல்களைச் சிதைக்கும் புரதம் அதில் சிறிதளவு உண்டு. நன்றாகச் சமைத்தால் அது அழிந்துவிடும்.

கேள்வி: பரவி முடித்த ஜாடியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

குளிர்பதனப் பெட்டியில் நான்கு டிகிரி அளவில் சில வாரங்கள். இளஞ்சிவப்புச் சிப்பிக் காளான் மட்டும் விதிவிலக்கு. அது வெப்பநாட்டுப் பிள்ளை, குளிரில் செத்துவிடும். அதை உடனே பயன்படுத்துங்கள்.

கேள்வி: எனக்குப் பத்து வயது. அம்மாவின் ஜாடியில் இருக்கும் வெள்ளை, காளானின் வேரா?

வேர் மாதிரிதான் இருக்கிறது, கண்ணே, ஆனால் அதுதான் முழுக் காளான் உயிர். நாம் சாப்பிடும் குடை அதன் பழம் மாதிரி. மாமரத்தை மண்ணுக்குள் ஒளித்துவைத்து மாம்பழத்தை மட்டும் வெளியே காட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அம்மாவின் ஜாடியில் கண்ணாடி இருப்பதால், மற்றவர்கள் பார்க்க முடியாத மரத்தை நீ பார்க்கிறாய்.

ஒன்று செய். அழியாத மை பேனாவால், இன்று மாலை வெள்ளை முடிகிற விளிம்பில் கண்ணாடியின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுது. நாளை அதே நேரத்தில் இன்னொரு கோடு. ஜாடியைத் திறக்காதே, தூக்காதே. ஏழு கோடுகள் ஆனதும் அளவுகோலால் இடைவெளிகளை அளந்து எனக்கு எழுது. எந்த நாளில் அதிகம் நடந்தது, எந்தப் பக்கம் நின்றது என்று எழுத மறக்காதே. உன் கணக்கை அடுத்த இதழில் போடுகிறேன்.